கட்டுத்தறியும் நெருப்பும்

வீடு தீப்பற்றி எரியும்போது அந்த வீட்டு விலங்குகள் நெருப்பில் வெந்து இறக்கின்றன என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மையே. காட்டுத்தீயின் வாடை பட்டதும் மானும் முயலும் கால் போன திசையில் ஓடுகின்றன, பறவைகள் எழும்பிப் பறக்கின்றன. எல்லாம் தப்புவதில்லை என்றாலும் ஓடிப் பார்க்கவாவது அவற்றால் முடிகிறது. வீட்டில் வளரும் உயிருக்கு அந்த ஓட்டமும் இல்லை. பசுவின் கழுத்துக்கயிறு கட்டுத்தறியில் இறுகியிருக்கிறது, நாயின் சங்கிலி மாடிப்படிக் கம்பியில் பூட்டப்பட்டிருக்கிறது, ஆட்டுப்பட்டியின் படல் சாத்திக் கட்டப்பட்டிருக்கிறது, கோழி பஞ்சாரத்துக்குள் கவிழ்க்கப்பட்டிருக்கிறது, லவ் பேர்ட்ஸ் கூண்டின் கதவுக்குக் கொக்கி போடப்பட்டிருக்கிறது, அடுக்குமாடி வீட்டுப் பூனைக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் வலையும் கிரில் கம்பியும்தான். திருடனுக்கும் கீரிக்கும் தெருநாய்க்கும் அஞ்சி நல்லெண்ணத்தோடு மனிதர் போட்ட இந்தக் கட்டுகளே தீ விபத்தில் விலங்கின் சாவுக்குப் பெருங்காரணமாகிவிடுகின்றன. ஆகவே வளர்ப்பு விலங்குகளின் தீப்பாதுகாப்பு என்பது, கட்டியவர் அந்தக் கட்டை எவ்வளவு விரைவாக, எவ்வளவு இருட்டில், எவ்வளவு நடுங்கும் கையால் அவிழ்க்க முடியும் என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியதாகிறது.

கட்டு என்ற சொல் இங்கே கயிற்றை மட்டும் குறிப்பதன்று; விலங்கு தன் விருப்பப்படி வெளியேற முடியாதவாறு செய்யும் எந்த ஏற்பாடும், அது பூட்டிய அறையானாலும் தொங்கும் கூண்டானாலும், இச்சொல்லுக்குள் அடங்கும். தமிழ்நாட்டில் இந்தக் கட்டு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. ஒன்று ஊர்ப்புறத்தின் கீற்றுக் கொட்டகையும் மாட்டுத்தொழுவமும்; மற்றொன்று நகரத்தின் கான்கிரீட் வீடு. முன்னதில் தீ விரைவாகப் பரவுகிறது, புகைக்கு வெளியேற வழியிருக்கிறது. பின்னதில் சுவர் எரிவதில்லை, புகை உள்ளேயே தங்குகிறது. இரண்டுக்கும் ஒரே அறிவுரையைச் சொல்வது பயனற்றது.

புகையைப் பற்றி முதலில் தெளிவு வேண்டும். பொருள்கள் போதிய உயிர்வளியின்றி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமும் அற்ற வாயு உண்டாகிறது. இரத்தத்தில் உயிர்வளியைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் என்ற புரதம், உயிர்வளியைக் காட்டிலும் இந்த வாயுவை ஏறத்தாழ 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது; அதனால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே உடலின் உறுப்புகள் உயிர்வளியின்றித் தவிக்கின்றன, உறங்கும் உயிர் விழிக்காமலேயே மயங்கிவிடுகிறது. மெத்தையிலும் சோபாவிலும் அடைத்துள்ள பாலியூரித்தேன் நுரைப்பஞ்சு எரியும்போது இதனோடு ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சுவாயுவும் சேர்கிறது. அமெரிக்காவின் அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்னும் சோதனை நிறுவனம், மரமும் பருத்தியும் கொண்ட பழைய பாணி அறையையும் செயற்கை இழையும் நுரைப்பஞ்சும் நிறைந்த இக்கால அறையையும் அடுத்தடுத்து எரித்துப் பார்த்தபோது, இரண்டாவது அறை நான்கு நிமிடங்களுக்குள் முழுதாகத் தீப்பிழம்பாயிற்று. முதல் அறைக்கோ இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. பாட்டி காலத்து வீட்டில் பசுவை அவிழ்த்து, ஆட்டை ஓட்டி, பெட்டியையும் எடுத்து வர நேரம் இருந்தது என்று முதியோர் சொல்வதில் மிகையில்லை. அந்த நேரம் இன்றைய வரவேற்பறையில் இல்லை.

சூடான புகை மேலே எழுந்து கூரையடியில் திரண்டு, பின்னர் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. மனிதர்கள் குனிந்தும் தவழ்ந்தும் வெளியேற வேண்டும் என்று தீயணைப்பு வீரர்கள் சொல்வதன் காரணம் இதுவே. இதை விலங்கின் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு செய்தி விளங்கும். கட்டிலுக்கடியில் பதுங்கிய பூனைக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன. பூனைக்கு எட்டாதபடி உத்தரத்தில் தொங்கவிட்ட பறவைக்கூண்டோ முதற்புகையிலேயே மூழ்கிவிடுகிறது. பறவையின் மூச்சுறுப்பு அமைப்பு இந்தக் கேட்டை இன்னும் பெருக்குகிறது. பாலூட்டிகளின் நுரையீரலில் காற்று வந்த வழியே திரும்புகிறது. பறவைகளிலோ காற்றுப்பைகள் எனப்படும் மெல்லிய பைகளின் துணையால் நுரையீரல் வழியாகக் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதால், மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் வாயுப் பரிமாற்றம் நடக்கிறது. உயரப் பறப்பதற்கு இயற்கை தந்த இந்தத் திறனே நச்சுக்காற்றில் பறவையை எல்லாருக்கும் முன்னால் வீழ்த்துகிறது. 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற அறிவியலாளர், சுரங்கத் தொழிலாளர்களுக்கு முன்னெச்சரிக்கை தரக் கேனரிக் குருவிகளைக் கொண்டு செல்லலாம் என்று பரிந்துரைத்தது, சிறிய உயிர்கள் நச்சுக்காற்றில் மனிதருக்கு முன்பே வீழ்கின்றன என்ற அறிவின் அடிப்படையில்தான். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் அந்த வழக்கம் 1986 வரை நீடித்தது. தீப்பற்றாத நாளிலும் இந்த ஆபத்து உண்டு. ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை வெறுமனே அடுப்பில் காயவிட்டு மறந்துவிட்டால், அளவு மீறிச் சூடேறிய பூச்சிலிருந்து எழும் ஆவி அடுத்த அறையிலுள்ள பறவைகளைக்கூடக் கொன்றுவிடும். எனவே கூண்டு சமையலறைக்கு அருகிலும் இருக்கலாகாது, தலைக்கு மேலும் தொங்கலாகாது. வாசலுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு கையால் கழற்றித் தூக்கும் கொக்கியோடு இருப்பதே பொருத்தம்.

சமையல் எரிவாயு, மேலெழும் புகைக்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. 14.2 கிலோ சிலிண்டரில் நிரப்பப்படும் புரோப்பேன், பியூட்டேன் கலவை காற்றைவிடக் கனமானது. கசியும்போது தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளமான இடங்களில் தேங்குகிறது. அடுக்களை வாசலில் குளிர்ந்த தரையைத் தேடிப் படுக்கும் நாயின் மூக்கு அந்தத் தளத்தில்தான் இருக்கிறது. கசிவை மனிதர் அறிவதற்காகக் கலக்கப்படும் எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப்பொருளை நாய் முன்னதாகவே உணரக்கூடும். நள்ளிரவில் நாய் காரணமின்றி நிலைகொள்ளாமல் தவிக்கும்போது, அதட்டி அடக்குவதற்கு முன் அடுப்படிப் பக்கம் சென்று மூக்கால் ஒருமுறை சோதிப்பது நல்லது. வாடை வந்தால் விளக்கின் சுவிட்சைத் தொடாமல், கதவையும் சன்னலையும் திறந்து, ரெகுலேட்டரை மூடி, விலங்கோடு வெளியேறுவதே முறை.

ஊர்ப்புறத் தொழுவத்தின் நிலை தனியானது. அதை விரிவாகப் பார்ப்பது தேவை, ஏனெனில் நாயையும் பூனையையும் பற்றிப் பேசும் நூல்கள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் அதே அக்கறையைக் காட்டுவதில்லை. தென்னங்கீற்றோ பனையோலையோ வைக்கோலோ வேய்ந்த கூரை, கோடையின் வெயிலில் மாதக்கணக்கில் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கும் நிலையை அடைகிறது. பற்றிய கூரை மேலிருந்து எரிந்துகொண்டே கீழே சரிவதால், அடியில் இருக்கும் உயிருக்கு மேலும் பக்கமும் ஒருசேர நெருப்பாகிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளின் உயிரைப் பறித்த பள்ளித் தீ விபத்தில் கீற்றுக் கூரை எத்தகைய எமனாக மாறும் என்பதைத் தமிழ்நாடு கண்டது. அதன் பின் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டங்களும் அடுத்தடுத்து வந்தன. ஆனால் வீடு கான்கிரீட்டாக மாறிய பின்னும், பக்கத்திலுள்ள மாட்டுக்கொட்டகை கீற்றாகவே நீடிப்பதை எந்த ஊரிலும் காணலாம். கீற்று மாட்டுக்குக் குளிர்ச்சி தருகிறது, செலவும் குறைவு. ஆகவே அதைக் குறை சொல்லி நிறுத்திவிடாமல், கீற்றுக்குக் கீழேயே உயிரைக் காப்பது எவ்வாறு என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொழுவத் தீயின் காரணங்களுள் பேசப்படாத ஒன்று மூட்டம். மாலையில் கொசுவும் ஈயும் மாட்டைப் பிடுங்காமலிருக்க, காய்ந்த சாணத்தோடு வேப்பிலையும் சருகும் சேர்த்துப் புகையவிடும் வழக்கமே மூட்டம் போடுதல் எனப்படுகிறது. வாயில்லாத உயிர் நிம்மதியாகப் படுக்கட்டும் என்ற கனிவில் பிறந்த வழக்கம் அது. எட்டு மணிக்குச் சாம்பல் பூத்து அடங்கிவிட்டதாகத் தோன்றும் மூட்டத்தின் அடியில் கங்கு கனன்றுகொண்டே இருக்கும்; நள்ளிரவுக்கு மேல் எழும் காற்று அந்தச் சாம்பலை ஊதிவிட, ஒரு சருகுத்துணுக்கு கங்கோடு பறந்து வைக்கோலில் விழுந்தால் போதும். மூட்டத்தைத் தொழுவத்துக்குள் தரையில் போடாமல், மணல் பரப்பிய உடைந்த பானையிலோ பழைய இரும்புச் சட்டியிலோ, கூரைக்கு வெளியே காற்று வரும் பக்கமாக வைத்து, படுக்கப் போகும்முன் ஒரு செம்பு நீர் ஊற்றி அவித்துவிடுவது இதற்குப் போதுமான மாற்று. வைக்கோல்போரைத் தொழுவத்தோடு ஒட்டிப் போடும் பழக்கமும் மாற வேண்டும். ஈரம் உலராத வைக்கோலை அடைத்துப் போட்டால், நுண்ணுயிர்களின் செயலால் போரின் உட்புறம் தானே சூடேறி, சில வேளைகளில் வெளிநெருப்பின்றியே பற்றிக்கொள்வதும் உண்டு என்பதால், நன்கு காய்ந்ததையே போராக்குவதும் அதைத் தள்ளிப் போடுவதும் ஒருசேர வேண்டியவை.

இனிக் கயிறு. முன்னாளில் மாடு கட்டத் தென்னை நாரும் கற்றாழை நாரும் திரித்த கயிறு பயன்பட்டது. இன்று கடையில் நைலான் கயிறு என்று கேட்டு வாங்கப்படும் வழவழப்பான செயற்கை இழைக் கயிறே எங்கும் இருக்கிறது. அது மழைக்கு நைவதில்லை, விலையும் மலிவு. ஆனால் சூட்டில் நார்க்கயிறு கருகி அறுந்துவிடும் இடத்தில், இக்கயிறு உருகி, முடிச்சின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அவிழ்க்க முடியாத ஒரே கட்டியாகிவிடுகிறது. உருகிய குழம்பு மாட்டின் கழுத்துத் தோலிலும் ஒட்டிக்கொள்கிறது. மிரண்ட மாடு பின்னோக்கி இழுக்க இழுக்க முடிச்சு மேலும் இறுகும் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணினால், மரண முடிச்சாக இரண்டு மூன்று சுற்றுப் போட்டு இறுக்கிய கயிற்றை, புகையில் கண் எரிய, இருட்டில் தடவி அவிழ்ப்பது எத்தகைய வேலை என்பது விளங்கும்.

இதற்குரிய தீர்வுக்குக் காசு தேவையில்லை. கயிற்றைக் கட்டுத்தறியில் ஒரு சுற்றுச் சுற்றியபின், முடிச்சுப் போடும்போது நுனியை முழுவதுமாக உருவி இழுக்காமல், காலணி நாடாவை முடிவதுபோல மடித்து ஒரு காதாகச் செருகி நிறுத்த வேண்டும். மாடு தன் பக்கம் இழுத்தால் முடிச்சு இறுகும். தொங்கும் நுனியை மனிதர் பற்றி ஒரே வெட்டாக இழுத்தால் காது உருவிக்கொண்டு முழுக் கட்டும் கழன்றுவிடும். சில மாடுகள் தொங்கும் நுனியை நக்கியும் கடித்தும் தாமே அவிழ்த்துக்கொள்ளும் என்பது வளர்ப்போர் சொல்லும் தடை. நுனியைத் தறியின் மறுபுறம், மாட்டின் வாய்க்கு எட்டாத பக்கத்தில் விட்டுவிட்டால் அத்தடை நீங்குகிறது. இதற்கு மேலும் ஓர் ஏற்பாடு வேண்டும். தொழுவத்துக்குள் அல்லாமல் அதன் வாசற்கம்பத்தின் வெளிப்புறத்தில், கூரான அரிவாள் ஒன்று இதற்கென்றே செருகி வைக்கப்பட வேண்டும். புல்லறுக்க எடுத்தவர் மீண்டும் அங்கேயே வைப்பதை வீட்டார் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா மாட்டையும் அவிழ்த்துப் பார்க்கும் பயிற்சியை வீட்டுப் பிள்ளைகள் ஒரு விளையாட்டாகவே செய்து பழகலாம். அப்படிச் செய்து பார்க்கும்போதுதான், எந்த முடிச்சு சிக்குகிறது, எந்த மாடு அயலார் கைக்கு முரண்டுபிடிக்கிறது என்பவை தெரியவரும்.

அவிழ்த்துவிட்டால் மாடு தானாக ஓடிவிடும் என்று கருதுவதும் தவறு. மிரண்ட விலங்குக்குத் தனக்குப் பழகிய இடமே பாதுகாப்பான இடமாகத் தோன்றுகிறது. எரியும் இலாயத்துக்குள் குதிரை திரும்பி ஓடுவது உலகெங்கும் அறியப்பட்ட செய்தி, மாடும் தொழுவத்தை விட்டு நகராமல் நிற்பதுண்டு. எனவே எங்கிருந்து விடுவிப்பது என்பதோடு எங்கே கொண்டு சேர்ப்பது என்பதும் முன்பே முடிவாக வேண்டும். இந்த நுட்பத்தைத் தமிழின் முதற்காப்பியம் அறிந்திருந்தது என்பது வியப்புக்கு உரியது. சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும்போது தீ தீண்டக்கூடாதவர்களாகக் கண்ணகி சொன்னவர்களுள் முதியோர், குழந்தைகளோடு பசுவும் இடம்பெறுகிறது. அழற்படு காதையில் இளங்கோவடிகள் அத்துடன் நிறுத்திவிடாமல், கறவைகளும் கன்றுகளும் ஆயர்களின் அகன்ற தெருவைச் சென்றடைந்ததையும், யானைகளும் குதிரைகளும் மதிலுக்கு வெளியே பெயர்ந்ததையும் தனித்தனியாகக் குறிப்பிடுகிறார். தம்மைப் பேணத் தெரிந்தோரின் தெரு மாட்டுக்கு, திறந்த வெளி யானைக்கும் குதிரைக்கும் என ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்புக்கேற்ற புகலிடத்தைக் காட்டிய இந்தப் பார்வை, அறம் பாடும் காப்பியத்துக்குள் அமைந்த ஒரு பேரிடர்த் திட்டம் என்றே கொள்ளத்தக்கது.

இன்றைய ஊரில் அந்தப் புகலிடம் களத்துமேடாகவோ ஊர்ப்பொதுத் திடலாகவோ, காற்றுக்கு எதிர்ப்பக்கத்திலுள்ள பக்கத்துத் தோட்டமாகவோ இருக்கலாம். முரண்டுபிடிக்கும் மாட்டின் கண்களை ஈரத்துணியால் மறைத்து, வழக்கமாகப் பால் கறப்பவர் தம் வழக்கமான குரலில் அழைத்து நடத்தினால் அது பெரும்பாலும் பின்தொடரும். கன்றை முன்னே நடத்தினால் தாயும் வரும். ஆடுகளை ஒவ்வொன்றாக இழுக்கத் தேவையில்லை. மந்தையை நடத்திச் செல்லும் மணிகட்டிய ஆட்டை வெளியே கொண்டுவந்தால் மற்றவை அதன் பின் வரும், ஆனால் அதற்குப் பட்டியின் படல் உட்புறம் தள்ளினாலும் வெளிப்புறம் இழுத்தாலும் திறக்க வேண்டும், ஏனெனில் கூட்டமாக நெருக்கும் ஆடுகள் உட்புறம் மட்டுமே திறக்கும் கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிடும். கோழிகளைப் பிடிக்க நேரம் வீணாகும். பஞ்சாரத்தை உதைத்துத் தள்ளிவிட்டாலே அவை தம் வழியைப் பார்த்துக்கொள்ளும். வெளியேற்றிய விலங்குகள் திரும்பி வராதபடி ஒருவர் நின்று பார்க்க வேண்டும், அல்லது படலைச் சாத்திவிட வேண்டும்.

நகரத்து வீட்டில் முதற்சிக்கல் சாவி. இரவில் கிரில் கேட்டை உட்புறமாகப் பூட்டிச் சாவியை அலமாரிக்குள் வைக்கும் குடும்பங்கள், நாயையும் பூனையையும் மட்டுமன்றித் தம்மையும் சேர்த்தே கட்டிக்கொள்கின்றன. நாயின் வாரும் பூனையின் கூடையும் வாசற்கதவின் அருகே, சாவியும் அதே இடத்தில் என்பது ஒரே ஏற்பாடாக அமைய வேண்டும். அந்த வாசலை அடைத்துக்கொண்டு மின்சார ஸ்கூட்டருக்கு இரவு முழுதும் மின்னேற்றம் செய்யும் புதிய வழக்கம் ஒன்று பெருகியிருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் மின்னேற்றத்தில் இருந்த மின்வண்டி தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தனர். லித்தியம் அயனி மின்கலம் பற்றினால் அதன் தீயும் நச்சுப்புகையும் சில நொடிகளில் பெருகுகின்றன. வெளியேறும் ஒரே வழியில் அது நின்றால் வீட்டிலுள்ள எந்த உயிருக்கும் மாற்று வழி இராது.

பூனையை மீட்பது நாயை மீட்பதைவிடக் கடினம். அஞ்சிய பூனை அழைத்தால் வருவதில்லை. கட்டிலடி, பீரோவின் பின்புறம், சலவை இயந்திரத்தின் இடுக்கு என ஒடுங்கிய இடத்தில் மூச்சடக்கிப் பதுங்கும், இழுத்தால் கீறும், கடிக்கும். அப்போது வெறுங்கையை நீட்டாமல் போர்வையையோ தலையணை உறையையோ மேலே போர்த்திச் சுருட்டித் தூக்குவதே வழி. சாதாரண நாட்களில் கூடையின் கதவைத் திறந்தே வைத்து, அதற்குள் பழந்துணி விரித்து, அவ்வப்போது மீன்துண்டை அதற்குள்ளேயே கொடுத்து வந்தால், பூனை அந்தக் கூடையையே தன் பதுங்கிடமாக ஏற்கும். ஆபத்து நேரும்போது அது ஓடி ஒளியும் இடமும் தூக்கிச் செல்லும் பெட்டியும் ஒன்றாகிவிடும். ஊசி போட மட்டும் கூடையை எடுக்கும் வீட்டில் பூனை கூடையைக் கண்டாலே ஓடும். மொட்டைமாடியில் நாளெல்லாம் சங்கிலியில் கிடக்கும் நாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விலங்குகளைத் தகாத அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து அச்சட்டத்துக்கு வழிவகுத்தவர், சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். தீ விபத்தில் அந்தச் சங்கிலி கொடுமை என்ற நிலையைத் தாண்டி மரணதண்டனையாகவே மாறுகிறது.

விலங்குகளே தீயைத் தொடங்கிவைப்பதும் உண்டு. பூசையறையில் எரியும் அகல்விளக்கின் திரியை இழுக்கும் எலி, குத்துவிளக்கின்மேல் வாலால் தட்டும் பூனை, மின்கம்பியைக் கடிக்கும் நாய்க்குட்டி, முயல் என இதற்குக் காரணங்கள் எளியவை. ஆளில்லாத வீட்டில் விளக்கை எரியவிட்டுச் செல்லலாகாது, மின்கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்த வேண்டும். தீபாவளியன்று பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என நேரம் வரையறுக்கப்பட்டிருப்பதால், அந்த இரு வேளைகளிலும் மாடுகளைக் கீற்றுக்கொட்டகையிலிருந்து வெளியேற்றி நிறுத்துவதும், நாயை மாடியிலிருந்து இறக்கி உள்ளறையில் வைப்பதும் இயலாத காரியமன்று.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பின்னும் விலங்கு உள்ளே சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதே மிகக் கடினமான கேள்வி. எரியும் வீட்டுக்குள் விலங்குக்காகத் திரும்பி ஓடக்கூடாது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்; பெற்ற பிள்ளைபோல் வளர்த்தவர் அதைக் கேட்பார் என்று நம்புவது மனித மனத்தை அறியாமையாகும். 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரினா புயல் தாக்கியபோது, நாயையும் பூனையையும் ஏற்க முகாம்கள் மறுத்ததால் பலர் வீட்டைவிட்டு வெளியேறவே மறுத்தனர்; அதன் விளைவாக 2006இல், பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்பு விலங்குகளுக்கும் இடம் வகுக்க வேண்டும் என்ற சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. விலங்கைக் காப்பது மனிதரைக் காப்பதன் பகுதி என்பதை அரசே ஏற்ற நிகழ்ச்சி அது. ஆகவே வீட்டார் செய்யத்தக்கது இதுதான்: வெளியேறும் வழியில் கதவுகளைத் திறந்துவிட்டுச் சென்று, வாசலுக்கு வெளியே நின்று விலங்கின் பெயரைச் சொல்லி இடைவிடாமல் அழைக்க வேண்டும், ஆனால் தீ மூண்ட அறையின் கதவு மட்டும் மூடப்பட வேண்டும். 101 அல்லது 112 என்ற எண்ணில் அழைக்கும்போதே உள்ளே எந்த விலங்கு, எந்த அறையில், வழக்கமாக எங்கே பதுங்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கிணற்றில் விழுந்த மாட்டையும் மரத்தில் சிக்கிய பூனையையும் மீட்டுப் பழகியவர்கள் தமிழ்நாட்டுத் தீயணைப்பு வீரர்கள். தகவல் சரியாகக் கிடைத்தால் அவர்களின் தேடல் குறைகிறது. யாரும் இல்லாத பகல்வேளைக்காக, வீட்டில் எத்தனை நாய், எத்தனை பூனை என்பதை வாசற்கதவில் எழுதி ஒட்டுவதும், பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவைப்பதும் உதவும்.

மீட்கப்பட்ட விலங்கு எழுந்து நிற்பதால் பிழைத்துவிட்டது என்று எண்ணலாகாது. புகை சென்ற நுரையீரலில் நீர்கோத்து மூச்சுத்திணறல் வர ஒன்றிரண்டு நாட்கள்கூட ஆகலாம். எனவே இருமலோ வாய்நுரையோ இல்லாவிட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். தீப்புண்ணின் மேல் குளிர்ந்த நீரை மெல்ல ஓடவிட வேண்டும். பனிக்கட்டியும், பேனா மையும், பற்பசையும், நெய்யும் கூடாது. பூனை தன் மயிரிலுள்ள கரியை நக்கி விழுங்கும் என்பதால் உடலைக் கழுவித் துடைக்க வேண்டும். வலிக்கென்று மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்தால் அதுவே நஞ்சாகிக் கொன்றுவிடும். மாட்டில் மடியும் காம்பும் கண்ணிமையும் குளம்பும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

இழப்புக்கு நிவாரணம் உண்டு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பேரிடர் நிவாரண நிதிக்குரிய இடர்களுள் தீயும் ஒன்று. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு வகுக்கப்பட்ட அளவின்படி கறவைப் பசு அல்லது எருமைக்கு 37,500 ரூபாய், உழவு மாட்டுக்கு 32,000, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100 என வரையறுக்கப்பட்டிருந்தது. இறந்த மாட்டைப் புதைக்கும் அவசரத்தில் சான்று தொலைந்துவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவித்து, கால்நடை மருத்துவரின் உடற்கூறாய்வுச் சான்றைப் பெற்ற பின்னரே அடக்கம் செய்ய வேண்டும். காதில் பொருத்தப்படும் பன்னிரண்டு இலக்க வில்லையின் எண்ணைத் தனியே குறித்துவைத்திருந்தால் அடையாளம் காட்டுவது எளிது. நாய்க்கும் பூனைக்கும் இந்தப் பட்டியலில் இடமில்லை. விலைமதிப்பு அவற்றுக்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் தீயில் அவை இறந்தன என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போவதால், எத்தனை இறக்கின்றன, ஏன் இறக்கின்றன என்பதை யாரும் அறிய முடியாமற்போகிறது. குறைந்த அளவு ஒரு பத்தியாவது தீ விபத்து அறிக்கையில் அவற்றுக்கு ஒதுக்கப்பட வேண்டும்.

காணாமற்போன பூனையின் தேடல் தீ அணைந்த இரவிலேயே முடிந்துவிடுவதில்லை. பூனை தன் எல்லையை எளிதில் விட்டுப்போகாத உயிர். தீயின் இரைச்சலுக்கு ஓடியது பெரும்பாலும் இரண்டு மூன்று வீடு தள்ளி ஏதேனும் ஒரு மாடிப்படிக்கு அடியிலோ விறகுக் குவியலிலோ ஒடுங்கியிருக்கும், பகலில் ஆளரவத்துக்கு அஞ்சி அசையாது. வீட்டார் உடுத்திய துணி ஒன்றையும் ஒரு கிண்ணம் நீரையும் சிறிது உணவையும் கருகிய வாசலின் ஓரத்தில் மாலையில் வைத்து, தெரு அடங்கியபின் வழக்கமான குரலில் அழைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து வந்து அந்தத் துணியின்மேல் படுத்திருக்கும் பூனைகள் உண்டு. இடிபாடுகளை அகற்றும் ஆட்களிடமும் இதைச் சொல்லிவைத்து, சரிந்த பீரோவையும் கட்டிலையும் புரட்டுமுன் அடியில் விளக்கடித்துப் பார்க்கச் செய்ய வேண்டும்.